எண் படிக்க முடியாத ஒரு தாய் சீல்

அந்தத் தாய் சீலைப் புதிய விலங்கு என்று பதிந்தது சரிதானா என்று எனக்குள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறேன். அண்டார்க்டிகாவின் எரபஸ் விரிகுடாவில் வெட்டல் சீல் என்னும் கடல் பாலூட்டிகளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். துடுப்பில் மாட்டிய டேக், அதாவது எண் பொறித்த பிளாஸ்டிக் அடையாள வில்லை, கிழிந்துபோன சீல்கள் எல்லாப் பருவங்களிலும் கண்ணில் படுகின்றன. அவற்றை எப்படிப் பதிய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது, நானும் விதிப்படியே நடந்தேன். ஆனாலும் அன்று குழுத் தலைவி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் போதுமானதாக இருந்ததா என்ற ஐயம் போகவில்லை.

அதன் இடது பின்துடுப்பில் டேக் இருந்த இடத்தில், சவ்வு விளிம்புவரை கிழிந்து, புண் ஆறி, வெறும் பிளவாக நின்றது. வலது துடுப்பில் டேக்கின் ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே படிக்க முடிந்தது. நாங்கள் நெருங்கியதும் அது குட்டிக்கு முன்னால் புரண்டு வாயைத் திறந்து மிரட்டியது. முன்பற்கள் ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தன. குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியைப் பற்களால் அராவித்தான் வெட்டல் சீல் தன் மூச்சுத்துளையைத் திறந்து வைத்துக்கொள்கிறது. எனவே அது வயதான விலங்கு என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. தலைவி தயங்காமல் முழு எண்ணையும் சொன்னார். கடைசி இரண்டு இலக்கங்கள் பொருந்தின. அதே பனிப் பிளவின் ஓரத்தில் அது பல ஆண்டுகள் குட்டி ஈன்றதைத் தாம் பார்த்திருப்பதாகவும், கழுத்தடித் தழும்பு தமக்கு நன்றாக நினைவிருப்பதாகவும் சொன்னார்.

“இந்த இரண்டு இலக்கங்களில் முடியும் டேக்குகள் வேறும் இருக்கின்றன. எண்ணைப் படித்தேன் என்று என்னால் எழுத முடியாது” என்றேன்.

“அப்படியானால் உங்கள் தாளின்படி இது செத்துப்போய்விட்டது. இங்கே கண் முன்னால் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எதை எழுதப்போகிறீர்கள்?” என்று அவர் கேட்டார்.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லி, இரண்டு துடுப்புகளிலும் புதிய டேக் போட்டு, வயது தெரியாத பெண் என்று பதிந்தேன். அவர் சொன்ன பழைய எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் ஐயக்குறி இட்டேன்.

1960களின் இறுதியிலிருந்து இந்த விரிகுடாவில் 20,000க்கும் மேற்பட்ட சீல்களுக்கு டேக் போடப்பட்டிருக்கிறது. இங்கே பிறக்கும் குட்டிகளுக்கு ஏறக்குறைய ஒன்று விடாமல் டேக் போடப்படுவதால், டேக் இல்லாத வளர்ந்த சீல் ஒன்று வந்தால் வெளியிலிருந்து குடியேறியதாகவே கொள்கிறோம். பெண் சீல் பெரும்பாலும் ஏழெட்டு வயதில்தான் முதல் குட்டியை ஈனும். பிறகும் எல்லா ஆண்டும் ஈனுவதில்லை. இடையில் சில ஆண்டுகள் கண்ணிலேயே படாமல் இருந்துவிட்டுத் திரும்பி வரும். சில 30 வயதை ஒட்டியும் வாழ்கின்றன. காணாமல் போனதைச் செத்ததாக எண்ணிவிடாமல், பிழைத்திருக்கும் நிகழ்தகவையும் கண்ணில் படும் நிகழ்தகவையும் தனித்தனியே மதிப்பிடும் வழியை 1964, 1965ஆம் ஆண்டுகளில் கார்மாக், ஜாலி, செபர் என்ற புள்ளியியலாளர்கள் மூவரும் வகுத்துத் தந்தார்கள். உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வராத ஓய்வூதியதாரரை உடனே இறந்தவராகக் கருதக் கூடாது என்கிற நியாயம்தான் இதன் அடிப்படை. 2000 மார்ச்சில் ராஸ் பனியடுக்கிலிருந்து உடைந்த பி-15 என்ற மாபெரும் பனிமலையின் துண்டுகள் சில ஆண்டுகள் இந்த விரிகுடாவை ஒட்டிய மக்மர்டோ சவுண்ட் என்ற கடற்பகுதியின் வாயில் தடையாகக் கிடந்தபோது, குட்டிகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. குட்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் தாய்களும் அழிந்துவிட்டன என்றே நினைத்திருப்போம். ஆனால் வளர்ந்த பெண்களில் பெரும்பாலானவை வேறெங்கோ உயிரோடு இருந்தன என்பதை டேக்குகள்தான் காட்டின. காணாத விலங்குகளுக்கே இத்தனை பொறுமை காட்டுகிற ஒரு முறைக்குள் இருந்துகொண்டு, கண்ணால் கண்ட ஒன்றை நான் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறேன்.

என் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தலைவியின் நினைவில் நிற்பவை எப்படிப்பட்ட சீல்கள்? பல ஆண்டுகள் வாழ்ந்தவை, அடிக்கடி குட்டி ஈன்றவை, முகாமுக்குப் பக்கத்துப் பிளவுகளில் படுத்தவை. எட்டத்துப் பிளவில் ஒரே ஒரு முறை குட்டி ஈன்றுவிட்டு டேக்கைத் தொலைத்த பெண்ணை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நினைவை நம்பி எண் கொடுக்கத் தொடங்கினால், ஏற்கெனவே நன்றாக வாழ்ந்தவற்றின் ஆயுள் மேலும் நீளும். மற்றவை காகிதத்தில் சீக்கிரம் சாகும். சில தாய்கள் இயல்பிலேயே மற்றவற்றைவிட வலியவையா என்பது நாங்கள் ஆராயும் முக்கியமான கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்விக்கான விடையை எங்கள் நினைவே எழுதித் தந்துவிடக் கூடாது.

அன்று இரவு கூடாரத்தில் இதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டேக் கிழிவது எந்த வயதில் அதிகம்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை. டேக் துடுப்பில் இருக்கும் ஆண்டுகள் கூடக்கூட அது தேய்ந்து உடைவதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆக, என் விதி எல்லா வயதினரையும் ஒரே அளவில் நடத்துவதில்லை. முதியவற்றையே அதிகமாகக் கணக்கிலிருந்து விலக்குகிறது. அந்த வயதில் மிஞ்சியிருப்பவையே சில. அந்தச் சிலவற்றை வைத்துத்தான், வயது ஏற ஏறப் பிழைப்பு விகிதம் குறைகிறது என்று வரைபடம் போடுகிறோம். அந்தச் சரிவில் உடலின் தளர்ச்சி எவ்வளவு, பிளாஸ்டிக்கின் தளர்ச்சி எவ்வளவு?

இதற்காகத்தானே இரண்டு டேக் போடுகிறோம் என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஒன்றை மட்டும் இழந்த சீல்கள் எத்தனை என்பதிலிருந்து, இரண்டையும் இழந்தவை எத்தனை இருக்கும் என்று மதிப்பிட முடியும். ஒற்றை டேக்கோடு வருகிற சீலுக்கு அப்போதே மாற்று டேக்கும் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த மதிப்பீடு, ஒரு டேக் கிழிவதற்கும் மற்றது கிழிவதற்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஒரே நாளில் போடப்பட்டு, ஒரே உடலில், ஒரே கரடுமுரடான பனி விளிம்பில் உரசி உரசி ஏறி இறங்கும் இரண்டு டேக்குகளைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம். குட்டி ஈனாத ஆண்டுகளில் எங்கள் பக்கம் வராத சீலுக்கு மாற்று டேக் போடவும் வழியில்லை.

தவறு நடந்திருந்தால் அது ஒன்றல்ல, இரண்டு. பழைய எண்ணில் நடக்காத ஒரு சாவும், புதிய எண்ணில் நடக்காத ஒரு குடியேற்றமும் பதிவாகியிருக்கும். இந்த விரிகுடாவின் சீல் கூட்டம் தன் குட்டிகளைக் கொண்டே தாக்குப்பிடிக்கிறதா, வெளியிலிருந்து வருபவற்றை நம்பியிருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி இரண்டு பக்கமும் தவறான விடை தரும்.

மறுபுறம், தவறியது தலைவியின் நினைவாக இருந்திருந்தால், செத்துப்போன ஒரு சீல் தரவுத்தளத்தில் தொடர்ந்து குட்டி ஈன்றுகொண்டிருக்கும்; அதை ஒருபோதும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் பதிவை மட்டும் பின்னால் திருத்த முடியும், ஏனென்றால் பழைய எண் குறிப்புக் கட்டத்தில் இருக்கிறது. என் முடிவுக்கு என்னிடம் உள்ள வலுவான நியாயம் இதுதான். ஆனால் அந்தக் குறிப்புக் கட்டத்தை எந்தக் கணிப்பு நிரலும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே விலங்கு என்பதால் பிழைப்பு விகித வரைபடத்தில் கோட்டின் கடைசி முனையில் சிறு அசைவுதான். இதுபோன்ற ஐயப்பதிவுகள் எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் நிகழ்தகவு ஒன்றைக் கொடுத்துக் கணக்கிடலாம் என்று சொன்னேன். அந்த நிகழ்தகவை யார் கொடுப்பது, மறுபடியும் நம் நினைவுதானே என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி.

இப்போது திறந்திருக்கும் வழி ஒன்றே. புதிய டேக் போட்டபோது துளையில் வந்த தோல் துணுக்கு பாதுகாப்பில் இருக்கிறது. பழைய எண்ணுக்குரிய தாயின் மகள் ஒன்று இன்னும் அதே பிளவுக்கு வந்து குட்டி ஈனுகிறது. அதன் தோல் மாதிரி கிடைத்தால், இரண்டும் தாயும் மகளுமா என்பதை மரபணு சொல்லிவிடும். ஆனால் இப்படி மீட்கப்படக்கூடியவை, உயிரோடு இருக்கும் மகளைப் பெற்ற தாய்கள் மட்டுமே. மகளை விட்டுச்செல்லாத தாய்களுக்கு இந்த வழி இல்லை. அப்படியானால் தலைவியின் நினைவில் நான் கண்ட அதே சாய்வு ஆய்வகம் வழியாக உள்ளே வருகிறது. இதை அவருக்கு விரிவாக எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. ஆனாலும் மாதிரி எடுக்க வேண்டிய சீல்களின் பட்டியலில் அந்த மகளின் எண்ணை நானே சேர்த்துவிட்டேன்.