எத்தனை முடித்தோம் என்பதா, என்ன மாறியது என்பதா?

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைப் பங்கீட்டை நான் கவனித்து வருகிறேன். மாதம் 40 எஞ்சின் சர்வீஸ் என்பதே எங்கள் இலக்காக இருந்தது. அதைத் தவறாமல் எட்டியும் வந்தோம். ஆனால் பதிவேட்டை ஒருநாள் பொறுமையாகப் புரட்டியபோது, ஒரே படகின் எண் மூன்று வாரத்தில் மூன்று முறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டு மனம் வருந்தினேன். மூன்று முறையும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறோம். எரிபொருள் டேங்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. எங்கள் கணக்கில் அவை மூன்று வேலைகள். படகுக்காரருக்கோ கடலுக்குப் போக முடியாத மூன்று நாள்கள்.

குறிக்கோள்களை வைத்து நிர்வகிக்கும் முறையை மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1954-இலேயே விளக்கினார். குறிக்கோளுடன் அதை அளக்கும் முக்கிய விளைவுகளையும் சேர்த்து கணினிச் சிப் தயாரிக்கும் இன்டெலில் அதன் நிர்வாகி ஆண்டி குரோவ் நடைமுறைப்படுத்தினார். முதலீட்டாளர் ஜான் டோயர் 1999-இல் அதைக் கூகுளுக்குக் கொண்டுசென்றார். நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் அது பொருந்தும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

சர்வீஸ் ஆன எஞ்சின் அதே கோளாறோடு 60 நாளுக்குள் திரும்பக் கூடாது என்பதே இப்போதைய இலக்கு. உப்புக்காற்றும் கலப்பட எரிபொருளும் மெக்கானிக்கின் கையில் இல்லை. ஆகவே திரும்பி வரும் எஞ்சினுக்காக எவரையும் கடிந்துகொள்ளாமல், காரணத்தை மட்டும் பதிவேட்டின் கடைசிப் பத்தியில் எழுதுகிறோம். மாத எண்ணிக்கை 40-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தக் கடைசிப் பத்தியைத்தான் தினமும் காலையில் முதலில் படிக்கிறோம்.