பனிச்சிறுத்தை பார்க்கப் போனோம்: டார்ஜிலிங் ஜூ, வியாழக்கிழமை லீவு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். டார்ஜிலிங் ஜூவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. நாங்கள் தங்கிய விடுதியில் "எல்லா நாளும் திறந்திருக்கும் மேடம்" என்றார்கள். அதை நம்பி, முழங்கால் வலி உள்ள அப்பாவை ஊர் நடுவில் இருக்கும் சௌரஸ்தா சதுக்கத்திலிருந்து அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றோம். ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று. வாடகை 1,400 ரூபாய், சாப்பாடு தனி. இன்னும் கோபம் ஆறவில்லை.

கோபத்துக்கு அது மட்டும் காரணமில்லை. சென்னையிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து நியூ ஜல்பைகுரியில் இறங்கியதுமே ஷேர் ஜீப்காரர் ஆளுக்கு 350 என்று பேசினார். முன்னால் இரண்டு, நடுவில் நான்கு, பின்னால் நான்கு என்று அடைத்துக்கொண்டு கிளம்பியது வண்டி. கர்சியாங்கில் டீக்கு நிறுத்தியதும், கூரை மேல் பெட்டி வைத்ததற்கு ஆளுக்கு 150 கூடக் கொடுங்கள் என்றார். பேசும்போது பெட்டி என் கையில்தானே இருந்தது! என் இந்தியில் முடிந்தவரை சண்டை போட்டேன். நடு மலையில் இறக்கிவிட்டால் என்ன செய்வது? அப்பா 300 ரூபாயை எடுத்து நீட்டிவிட்டார். போகிறவர்கள் பெட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கீழேயே கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க அந்தப் பனிச்சிறுத்தைதான் இருக்கிறது. ரயில், ஜீப் விவரம் கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனோம். பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்கா என்பது முழுப் பெயர். 1958 ஆகஸ்டில் தொடங்கியது. மேற்கு வங்க ஆளுநராக இருந்த பத்மஜா, சரோஜினி நாயுடுவின் மகள். அவர் பெயரை 1975இல் வைத்தார்கள். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், மரங்கள் அடர்ந்த சரிவில் இருக்கிறது. உள்ளே எல்லாமே ஏற்றம், இறக்கம், படிக்கட்டு. பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் அவசரப்படாமல் பாதி நாள் ஒதுக்குங்கள். அதே டிக்கெட்டில் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தையும், எவரெஸ்ட் ஏறிய டென்சிங்கின் நினைவிடத்தையும் பார்த்துவிடலாம்.

பனிச்சிறுத்தைக் கூண்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாறை, காய்ந்த புல், ஒரு மரக்கட்டை. அப்பாதான் கண்டுபிடித்தார். "அந்தக் கல்லு மூச்சு விடுது பாரும்மா." சாம்பல் பாறை மேல் சாம்பல் உடம்பு, கருப்பு வளையங்கள். வாலை எடுத்து மூக்கின் மேல் மப்ளர் மாதிரி சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. என்ன வால் அது! ஏறத்தாழ உடம்பு நீளத்துக்கு இருக்கிறது. பாறை விட்டுப் பாறை தாவும்போது உடம்பு சாயாமல் பிடிப்பதும் அந்த வால்தான், குளிருக்குப் போர்வையும் அதுதான். பாதத்துக்கு அடியிலும் முடி. தலையைத் தூக்கி ஒரு தடவை எங்களைப் பார்த்தது. வெளிறிய பச்சைக் கண். நான் அழுதுவிட்டேன்.

அதற்குள் ஒரு கும்பல் வந்தது. விசில், கைதட்டல், "ஏய், எழுந்திரு" என்று கத்தல். ஒருவர் சாவிக்கொத்தால் கம்பியைத் தட்டினார். பனிச்சிறுத்தை புலி, சிங்கம் போலக் கர்ஜிக்காது. அதற்கு அந்தக் குரலமைப்பு இல்லை. எழுந்து பாறைக்குப் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான். அப்பா திரும்பி, திருச்சித் தமிழிலேயே, "ஏம்ப்பா, உன் வீட்டு வாசல்ல வந்து நான் கம்பியைத் தட்டினா சும்மா இருப்பியா?" என்றார். மொழி புரியாவிட்டாலும் அவர் முகம் புரிந்தது. சாவி பாக்கெட்டுக்குள் போனது.

அப்புறம் அப்பா என்னிடம் கேட்டார். "இப்படி அடைச்சு வெச்சு என்னம்மா பாதுகாப்பு?"

நியாயமான கேள்வி. சின்ன வயதில் வண்டலூரில் வெள்ளைப்புலியைப் பார்த்து நானும் குதித்திருக்கிறேன். பிற்பாடுதான் தெரிந்தது, கூண்டில் வளரும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடித்த மோகன் என்ற ஒரே புலியின் வம்சம் என்று. மோகனை அதன் மகளோடேயே சேர்த்துத்தான் வெள்ளைக்குட்டிகளை எடுத்தார்கள். ரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததால் மாறுகண், வேறு பல குறைகள். காட்டுக்கு அதனால் துளி பயன் கிடையாது. அது காட்சிக்காகச் செய்தது, தப்பு என்றே சொல்வேன்.

டார்ஜிலிங்கில் நடப்பது வேறு. 1980களில் சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, லடாக் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து பனிச்சிறுத்தைகளைக் கொண்டுவந்து இனப்பெருக்கத்தைத் தொடங்கினார்கள். கூண்டில் வளரும் பனிச்சிறுத்தைகளுக்கு உலக அளவில் வம்சாவளிப் பதிவேடு உண்டு. எது எதற்குப் பிறந்தது, எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஜாதகம் பார்ப்பது மாதிரி என்றேன். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது.

இனப்பெருக்கம் நடக்கும் தோப்கே தாரா மையம் ஜூவுக்கு வெளியே, தனியாக இருக்கிறது. பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. இவ்வளவு தூரம், இவ்வளவு செலவு செய்து வந்தும் அங்கே விடமாட்டார்களா என்று முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சாவிக்கொத்துச் சத்தத்தைக் கேட்ட பிறகு வருத்தம் போய்விட்டது. குட்டி போடுகிற விலங்கு இருக்கும் பக்கம் நம்மை விடவே கூடாது.

நாலு கூண்டு தள்ளி, உடம்பில் மேகம் போன்ற திட்டுகள் உள்ள படைச்சிறுத்தை (clouded leopard). மரத்திலிருந்து தலைகீழாக இறங்கத் தெரிந்தது. உடம்பளவுக்கு ஒப்பிட்டால் இதன் கோரைப்பல் நீளம் பூனைக் குடும்பத்தில் வேறெதற்கும் இல்லை. கூண்டில் இதை வளர்ப்பது பெரும்பாடு. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் புதிதாகச் சேர்த்தால் ஆண் பெண்ணைக் கொன்றே விடுவதுண்டு. அதனால் குட்டியாக இருக்கும்போதே ஜோடி சேர்த்துப் பழக்குகிறார்கள். இந்த மாதிரி அறிவெல்லாம் ஜூக்களில் பல விலங்குகளை இழந்து கற்றது.

"இங்க பொறந்தது காட்டுக்குப் போகுமா?" என்றார் அப்பா. ரெட் பாண்டா போயிருக்கிறது. 2003இல் இங்கே வளர்ந்த இரண்டைச் சிங்காலிலா காட்டில் விட்டார்கள். பனிச்சிறுத்தை விஷயம் சுலபமில்லை. மனிதரைப் பார்த்துப் பயப்படாத வேட்டை விலங்கு நேராக ஆட்டுப்பட்டிக்குத்தான் போகும். 2024இல் வெளியான கணக்குப்படி இந்தியா முழுக்கக் காட்டில் 718 பனிச்சிறுத்தைகள். லடாக்கில் மட்டும் 477. டார்ஜிலிங்கிலிருந்து பார்த்தால் தெரிகிற காஞ்சன்ஜங்காவுக்கு இந்தப் பக்கம், சிக்கிமில், 21தான். அங்கே ஒரு நோய் வந்தால் என்ன ஆகும்? அந்தப் பயத்துக்காகவாவது இந்தக் குளிரில் கொஞ்சம் பத்திரமாக இருக்கட்டும் என்பது என் கட்சி. சமவெளியின் வெயிலில் ஏசி அறை கட்டிப் பனிச்சிறுத்தை வைக்கிறேன் என்று யார் கிளம்பினாலும் நான் எதிர்ப்பேன்.

அப்பா முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "அதுக்கு ஒரு மலையே வேணும்மா, நாம ஒரு பாறை குடுத்திருக்கோம்" என்றார். எனக்குப் பதில் இல்லை.

வெளியே வந்ததும் சௌரஸ்தா போகும் வழியில் சின்னக் கடை ஒன்றில் துக்பா. நான்கு மேசைதான். ஆவி பறக்கும் கிண்ணத்தில் நூடுல்ஸ், கீரை, முட்டை, ஓரத்தில் கண்ணில் நீர் வரவைக்கும் டல்லே மிளகாய்ச் சட்னி. இரண்டு பேருக்கும் மோமோவோடு சேர்த்து 260 ரூபாய். பயணத்திலேயே கொடுத்த காசுக்கு மனசு குளிர்ந்தது இங்கேதான். அந்த அக்கா, அப்பாவுக்குக் கேட்காமலே இரண்டாவது தடவை சூப் ஊற்றினார்.

சனிக்கிழமை மதியம் கீழே இறங்க வேண்டும். காலை ஏழு மணிக்கே அப்பா குரங்குக் குல்லாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார். "எட்டரைக்குத் திறப்பாங்கல்ல? கூட்டம் வரதுக்கு முன்னாடி இன்னொரு தடவை போயிட்டு வந்துடலாம்." மறுபடி இரண்டு டிக்கெட். வரவுசெலவுப் புத்தகத்தில் எழுதாமல் விட்டேன்.

பனி மூட்டம். யாருமில்லை. அது நடந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. பாறையில் ஏறி, இறங்கி, கம்பியோரம் வந்து, எங்களைத் தாண்டிப் போனது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்புச் சத்தம் கூட வராமல் நின்றார். நான் போனை வெளியே எடுக்கவில்லை.