31 தாளில் ஒரே மலை

போன தீபாவளி முடிந்த கையோடு வாட்டர்கலரில் மலை வரைய ஆரம்பித்தேன், இப்போது ஆனி பிறந்துவிட்டது. நேற்று எண்ணிப் பார்த்தேன், 31 தாள் ஆகியிருக்கிறது. எல்லாவற்றிலும் மதுரை ஒத்தக்கடை யானைமலைதான். நடுவில் வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்காய், பித்தளைச் செம்பு, கொடியில் காயும் துணி என்று சிலதை வாட்டர்கலரில் வரைந்தேன், ஆனால் அதெல்லாம் மலைக்காகச் செய்த பயிற்சி.

முதல் ஐந்தாறு படத்தில் மலை கரி பூசிய சுவர் மாதிரி தட்டையாக வந்தது. பாறை சாம்பல் நிறம்தானே என்று கருப்பில் தண்ணீரைக் கலந்து கலந்து பூசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஏழு மணி இருக்கும், டீக்கடைப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெயில் ஏறுற நேரத்துல மலை செவப்பால்ல இருக்கும், நீங்க என்ன கருப்பை அப்பி வச்சிருக்கீங்க?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். யானையின் முதுகு முழுக்கக் காவியும் இளஞ்சிவப்புமாக இருக்கிறது, மடிப்புகளுக்குள் நீலம், கருப்பு என்று சொல்ல ஒரு இடம்கூட இல்லை. அதற்கப்புறம் கருப்பு டியூபைத் திறக்கவே இல்லை.

இப்போது என் சாம்பல் இரண்டே வண்ணத்தில் வருகிறது, அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நிழல், பழுப்பு தூக்கலாக இருந்தால் வெயில் பட்ட பாறை, இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் கருப்புக்குப் பக்கத்தில் போகும் ஆழமான நிறம். அதைவிட எனக்குப் பிடித்தது அல்ட்ராமரைனின் குணம். தண்ணீர் தாராளமாக விட்டுப் பூசி, பலகையைச் சமமாக வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தால் நிறத்தூள் தாளின் சின்னச் சின்னக் குழிகளில் போய்த் தங்கும், காய்ந்ததும் மணல் தூவின மாதிரி சொரசொரப்பாகத் தெரியும். கருங்கல்லைக் கிட்டத்தில் பார்த்தால் இருக்குமே, அதே பொரிப்பொரித் தன்மை. இதையே தேலோ நீலத்தில் முயன்றேன், வழவழவென்று பரவியதோடு தாளில் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது, ஈரத் தூரிகையால் துடைத்து எடுக்கவும் முடியவில்லை. வானத்துக்குச் சரி, பாறைக்கு ஆகாது.

தாள் விஷயத்தில் நான் ரொம்பத் தாமதம். சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளில் இரண்டாவது வாஷ் (தண்ணீர் விட்டுக் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) போட்டாலே அலை அலையாக எழும்பிக்கொள்ளும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் கனத்தில், லேசான சொரசொரப்புள்ள கோல்டு பிரஸ் பருத்தித் தாள் வாங்கிய அன்றுதான் தப்பு முழுக்க என் கையில் இல்லை என்று புரிந்தது. காசு குறைவாக இருந்தால் வண்ணத்தை மலிவாக வாங்குங்கள், தாளை மலிவாக வாங்காதீர்கள். அந்த நல்ல தாளிலும் ஒரு கட்டு வீணானது: கார்த்திகை மழையில் அலமாரியில் திறந்தே கிடந்து ஈரம் குடித்துவிட்டது. தாளின் மேலிருக்கும் பசைப்பூச்சு அங்கங்கே போய்விட, அந்த இடங்களில் மட்டும் வண்ணம் மை ஒற்றும் தாளில் இறங்குவதுபோல் இறங்கித் திட்டுத் திட்டாக நின்றது. இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டி வைக்கிறேன்.

சித்திரை, வைகாசியில் வேறு தொல்லை. மதுரை வெயிலில் வானத்தை மேலிருந்து பூசிக்கொண்டு பாதி வருவதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும், அதைச் சரிசெய்கிறேன் என்று ஈரத் தூரிகையை வைத்தால் தண்ணீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கறை. கடைசியில் கைகொடுத்தது எளிய வழிதான்: தாளின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து அக்ரிலிக் பலகைமேல் படிய ஒட்டிவிடுவது. அடியில் இருக்கும் ஈரம் மேலே காயவிடாமல் பிடித்துவைக்கும், நிழலில் உட்கார்ந்தால் வானத்தை நிதானமாக முடிக்கலாம். உப்பும் தூவிப் பார்த்தேன். தாளின் பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரத்தில் போட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாக வெளுக்கும், முந்தினாலும் பிந்தினாலும் ஒன்றும் இல்லை. அழகுதான், ஆனால் பாறையில் போட்டால் பாறையாகத் தெரியவில்லை, உப்பாகவே தெரிகிறது. விட்டுவிட்டேன்.

கத்தரிக்காய் சொல்லிக் கொடுத்தது வெள்ளையை. அதன் தோலில் ஜன்னல் வெளிச்சம் விழும் சின்னச் சதுரத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, சுற்றி ஊதாவை ஒரே மூச்சில் போட்டு, ஓரத்தை மட்டும் ஈரத்தால் தடவிக் கரைத்தேன். பதினோராவது காயில்தான் கை நின்றது. மலையின் முதுகு விளிம்பில் காலை வெயில் விழும் மெல்லிய கோட்டை இப்போது அப்படித்தான் விடுகிறேன், மேலே போஸ்டர் வெள்ளை பூசுவதில்லை.

ஆனால் பல மாதம் பிடி கொடுக்காதது மலைமேல் செங்குத்தாக இறங்கும் கருந்தாரைகள். மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து பாசி படிந்த தடங்கள் அவை. மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக இழுத்தேன், வேலி நட்டது மாதிரி வந்தது. டிரை பிரஷ்ஷில், அதாவது ஈரம் குறைந்த தூரிகையில் இழுத்தேன், மரப்பட்டை மாதிரி வந்தது. போன மாதம் நரசிங்கம் கோயில் பக்கம் உட்கார்ந்து, கி.பி. 770-ல் அந்தப் பாறையைக் குடைந்து கோயில் செய்த மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, அந்தக் கோடுகளை யாரும் வரையவில்லையே, தண்ணீர்தானே வரைந்தது. வாஷ் பாதி காய்ந்திருக்கும்போது பலகையை நிமிர்த்தி நிறுத்தினேன். மலையின் மேல்விளிம்பில் கெட்டிச் சாம்பலை ஐந்தாறு சொட்டு வைத்து விட்டுவிட்டேன். ஒன்று வேகமாக இறங்கியது, ஒன்று நடுவில் நின்று இரண்டாகப் பிரிந்தது, இன்னொன்று ஈரமில்லாத இடத்தில் முட்டி வளைந்து போனது.

அதுதான் 29-வது தாள். 30-ல் சொட்டு அதிகமாகி அடிவாரத்து மரங்கள் வரை வழிந்துவிட்டது. 31-ல் பலகையைப் பாதிதான் சாய்த்தேன், தாரைகள் மலையின் பாதியிலேயே நின்றுவிட்டன. வரும் ஞாயிற்றுக்கிழமை குளத்துப் பக்கம் போய்த் தண்ணீரில் தெரியும் மலையையும் சேர்த்து வரையப்போகிறேன், தாள் இரண்டை வெட்டி வைத்தாயிற்று.