தம்பியின் ஆஸ்திரேலியா விசாவும் 3,500 வெள்ளியும்

விசா ஏஜெண்டிடமிருந்து தம்பியின் பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வந்து இன்றோடு நாலு நாள். கொடுத்த பணம் வரவில்லை. அம்மாவின் காப்பு இன்னும் அடகுக் கடையில்தான் கிடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடித்தான் இந்த மாதிரி ஏமாற்று ஏஜெண்டுகள் வருகிறார்கள் என்பதால் ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன டவுன் எங்களுடையது. ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலை, மூன்று வருட விசா, மொத்தம் 12,000 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 3,500 என்றார் ஏஜெண்டு. அம்மாவை "அக்கா, அக்கா" என்றே பேசினார். ஒட்டுக்கடையில் தன் கைபேசியைத் தம்பியிடம் கொடுத்து, "முகத்துக்கு நேரா பிடி, ஆடாத" என்று படம் எடுத்தார். டிக்கெட் போட வேண்டும் என்று பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாளே புலனத்தில் (வாட்ஸ்அப்) விசா கடிதம் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரி. வேலைக்கு அனுமதி உண்டு என்ற இடத்தில் மட்டும் எழுத்து தடித்து, வரியை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. விசாவைச் சரிபார்க்கும் ஆஸ்திரேலிய உள்துறையின் வீவோ தளத்துக்குப் போய், தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசா எண், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் போட்டேன். காசு எதுவும் கேட்காது. எண் உண்மையான எண்தான். விசாதான் வேறு. 601 என்ற வகை, சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கானது. ஒரு தடவைக்கு மூன்று மாதம், வேலை செய்யக் கூடாது. மலேசிய பாஸ்போர்ட் இருந்தால் இதை ஆஸ்திரேலிய அரசின் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) செயலியில் நாமே 20 ஆஸ்திரேலிய டாலரில் எடுத்துவிடலாம். அந்தச் செயலி விண்ணப்பிக்கிறவரின் முகத்தை அப்போதே படம் பிடிக்கும். ஒட்டுக்கடையில் நடந்தது அதுதான். பிறகு கடிதத்தில் ஒரு வரியை மாற்றியிருக்கிறார், அவ்வளவே.

இதை நம்பி விமானம் ஏறியிருந்தால் தம்பியின் கதி என்ன? விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். தப்பி உள்ளே போயிருந்தாலும் சம்பளம் தராத முதலாளியைப் பற்றிப் புகார் சொல்லக்கூட பயந்து கிடந்திருப்பான்.

பணம் போட்ட வங்கிக் கணக்கை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் மலேசிய போலீஸின் செமாக் மியூல் தளத்தில் முதலிலேயே தட்டிப் பார்த்ததாகத் தம்பி சொன்னான். புகார் எதுவும் இல்லையாம். அதற்கு யாரும் இன்னும் ரிப்போர்ட் செய்யவில்லை என்றுதான் அர்த்தம், நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை.

மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தோம். எடுத்த உடனே, "எப்போது பணம் போட்டீர்கள்?" என்று கேட்டார்கள். ஐந்து நாள் ஆகிவிட்டிருந்தது. பணம் போன அன்றே கூப்பிட்டால்தான் அது அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் மறிக்க முடியும். போலீஸ் ரிப்போர்ட் செய்யச் சொன்னார்கள்.

அங்கேதான் ஒரு நாள் வீணானது. முதலில் போன பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) இருந்தவர், "நீங்களாகக் கொடுத்த பணம், இது சிவில் கேஸ்" என்று கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார். அம்மா வெயிலில் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும் கொடுக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் வேறு டவுனுக்குப் போனோம். வங்கி ரசீது, புலனத்தில் பேசியது, அவர் தந்த கடிதம், வீவோ காட்டிய பக்கம் எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போனோம். எந்த வரி மாற்றப்பட்டது என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இருபது நிமிடத்தில் எழுதிக்கொண்டார்கள்.

ரிப்போர்ட்டைப் படம் பிடித்து ஏஜெண்டுக்கு அனுப்பினேன். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. விடிந்து பார்த்தால் பாஸ்போர்ட் ஒரு பிளாஸ்டிக் பையில் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் பழைய லயத்துப் பையன்கள் இரண்டு பேர் விசா கடிதத்தோடு வந்தார்கள். ஏஜெண்டு பெயர் வேறு. அதே வரி, அதே தடித்த எழுத்து. அவர்களையும் கூட்டிக்கொண்டு காலையில் பாலாய்க்குப் போகிறேன்.