கசிவைக் காட்டிக்கொடுக்கும் தொட்டி

எங்கள் பட்டறைக்கு ஆசிட் தொட்டி கேட்டு வருகிறவர்கள் விலை விசாரிப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "கசியாதே?" என்பதுதான். கசியும் என்று சொல்வேன். இந்தப் பதிலால் சில ஆர்டர்கள் கையை விட்டுப் போயிருக்கின்றன. வியாபாரம் தெரியாத பேச்சு என்பாள் என் மனைவி. சாத்தாங்காட்டில் தகடு வாங்கி, வெட்டி வளைத்து, மணலி, வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னை முழுக்கக் கொண்டுபோய் இறக்குகிறவன் வேறு என்ன சொல்வது? மூட்டுக்கு நடுவில் வைக்கிற கேஸ்கட் ஒருநாள் காய்ந்து வெடிக்கும். வெல்டிங் ஒருநாள் விட்டுக்கொடுக்கும். அன்றைக்கு முதல் சொட்டு எங்கே விழும், அது யார் கண்ணில் படும் என்பதை வரைபடம் போடும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

யார் கண்ணில் படப்போகிறது? மேனேஜர் கண்ணில் இல்லை. விடியற்காலையில் தரை பெருக்க வரும் அக்கா, லாரியிலிருந்து ஹோஸ் மாட்டுகிற கிளீனர், இரவுக் காவலாளி, இவர்கள்தாம் தொட்டியின் பக்கத்தில் நடமாடுகிறவர்கள். கண்ட்ரோல் அறைத் திரை இவர்களுக்குத் தெரியாது. கண்ணும் மூக்கும்தான் கருவி. போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு, ஏதோ கசிகிறது என்று தொழிலாளர்களுக்குச் சொன்னது கண்ணெரிச்சல். தொட்டியோ மண்ணில் புதைந்து கான்கிரீட் மூடிக்கு அடியில் கிடந்தது. அழுத்தமானியை நம்பலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் போய்விட்டது.

"பால் நிறத் தொட்டிதான் சார் வாங்கியிருக்கிறோம், உள்ளே மட்டம் எவ்வளவு என்று வெளியிலிருந்தே தெரிகிறது, அது போதாதா?" என்று கேட்பார்கள். கறுப்புத் தொட்டிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் போதாது. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 1.8 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 25 லிட்டர் போய்விட்டது என்று பொருள். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். அதாவது அந்த ஒரு சென்டிமீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட ஆறு நாள் ஆகும். நடுவில் பம்பு ஓடும், லாரி வந்து நிரப்பும். எந்த மனிதக் கண்ணுக்கும் அது தெரியாது. பெரிய தொட்டியில் சின்னக் கசிவைத் தேடுவது வீண் வேலை.

அதே கசிவைக் குறுகிய இடத்தில் பிடித்தால் கதை வேறு. தொட்டிக்கு அடியிலுள்ள டிரேயைச் சமமாகப் போடாமல் ஒரு மூலைக்குச் சரித்து, அங்கே 5 சென்டிமீட்டர் விட்டத்தில், வெளியே தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடிக் குப்பி பொருத்துகிறேன். 100 மில்லிலிட்டர் வந்து சேர்ந்தால் போதும், குப்பியில் 5 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் அரை மணி நேரத்தைத் தாண்டியதுமே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தட்டையான டிரேயில் அந்த 100 மில்லி ஒரு ஈரப்படலமாகப் பரவிக் கிடக்கும். மாப் போட்ட தண்ணீர் என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போவார்கள். சரிவு கொடுப்பதற்கு ஆகும் கூலி ஒன்றும் பெரிதில்லை. இருந்தும் "டிரே கோணலாக இருக்கிறதே" என்று எத்தனை பேர் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள்!

இரட்டைச் சுவர்த் தொட்டியின் சங்கதியும் இதுதான். உள்சுவர் விட்டால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் திரவம் இறங்கும். அந்த இடைவெளியின் அடியில் பார்ப்பதற்கு ஒரு வழி வைக்காமல் வெளிச்சுவரை மட்டும் கட்டினால், ஒரு கசிவை மூடி மறைக்க இரண்டு மடங்கு செலவழித்ததாகத்தான் ஆகும். வெளிநாடுகளில் பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளில் அந்த இடைவெளியை உப்புக் கரைசலால் நிரப்பி அதன் மட்டத்தைக் கவனிப்பது உண்டு. மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஏதோ ஒரு சுவர் விட்டுவிட்டது. கருவி என்று பார்த்தால் வெறும் உப்புத் தண்ணீர், ஆனால் வேலை சுத்தம்.

எனக்கு எப்போதும் பயம் தருவது அடித்தகடு. தரையில் நேராக உட்கார்ந்திருக்கும் தொட்டி அடியில் ஓட்டை விழுந்தால் வருடக்கணக்கில் மண்ணுக்கே கொடுத்துக்கொண்டிருக்கும். 2014 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அப்படி ஒரு பழைய தொட்டியின் அடியில் ஓட்டை விழுந்தது. நிலக்கரி கழுவுகிற வேதிப்பொருள், ஓட்டைச் சுற்றுச்சுவரையும் தாண்டி எல்க் ஆற்றில் கலந்தது. அதிமதுர வாசனை வருகிறது என்று ஊர்க்காரர்கள் புகார் சொல்லித்தான் அதிகாரிகள் அங்கே போய்ப் பார்த்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் போனது. அவ்வளவு தூரம் எதற்கு? 2013-இல் நம் தண்டையார்பேட்டையில் ஆழ்குழாய்க் கிணறுகளில் டீசல் கலந்து வந்தது. நிலத்துக்கு அடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்ததை, வீட்டு மோட்டாரைப் போட்டவர்கள் வாளியில் கண்டார்கள். அந்தத் தெருக்காரர்களின் வாளியைக் கசிவு காட்டும் கருவியாக வைத்துத்தான் அத்தனை பெரிய அமைப்பும் ஓடியிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடித்தகட்டைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் வழிகள் புதியவை அல்ல. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 650-ஆம் எண் தரநூலில் இதற்கென்றே ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது: தொட்டிக்கு அடியில் கசிவு தடுக்கும் விரிப்பு, அதன் மேல் கசிந்ததை வெளியோரம் கொண்டுவரும் வாய்க்கால்கள், அல்லது தொட்டியையே இரும்பு உத்திரங்களின் மேல் தூக்கி உட்கார வைப்பது. சின்னத் தொட்டிக்கு உத்திரம்தான் என் கட்சி. குனிந்து பார்த்தால் அடி தெரிய வேண்டும். குனிய மாட்டார்கள் என்பதால்தான் அந்தக் குப்பி.

இனி நிறம். எல்லாத் தரைக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட் அடிப்பது நம் ஆலைகளின் வழக்கம். யாருக்கு அந்தப் பச்சை பிடித்துப்போனதோ! எந்தத் திரவம் சிந்தப்போகிறது என்று பார்த்து அடித்தால் தரையே பேசும். காஸ்டிக் சோடா கசிந்து காய்ந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். அதற்குக் கறுப்புத் தரை வேண்டும். முலாம் பூசுகிற இடங்களின் குரோமிக் அமிலம் ஆரஞ்சு நிறம், நீர்த்தாலும் மஞ்சள். அதற்கு வெள்ளைத் தரை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகையும், பக்கத்திலுள்ள நட்டு போல்ட்டைத் துருவாக்கிக் காட்டும். சந்தேகம் இருந்தால் அமோனியாக் குப்பியின் மூடியைத் திறந்து கிட்டே கொண்டுபோனால் வெண்புகை எழும். வம்பு செய்வது அடர் கந்தக அமிலம்தான். நிறம் இல்லை, சொல்லிக்கொள்ளும் வாசனை இல்லை, பார்த்தால் கொஞ்சம் கெட்டியான தண்ணீர். கையில் பட்டால்தான் யாரென்று தெரியும்.

(கந்தக அமிலம் பற்றி இடையில் ஒரு வார்த்தை. 98 சதவீத அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம். 50 லிட்டர் கேன் 92 கிலோ. வீட்டு மொட்டைமாடிக்கு வாங்குகிற தண்ணீர்த் தொட்டியில் இதை ஊற்றி வைக்கலாமா என்று தொலைபேசியில் கேட்பவர்கள், தயவுசெய்து, நேரில் வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.)

பழைய ஆட்கள் கந்தக அமில வால்வுக்குக் கீழே காடாத் துணி நாடா ஒன்றைக் கட்டி விடுவார்கள். சொட்டுப் பட்டால் பருத்தி கருகிவிடும், வெள்ளையில் கறுப்பு பளிச்சென்று தெரியும். இதைப் பார்த்துவிட்டு நைட்ரிக் அமிலத்துக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் துணி கட்டிவிடாதீர்கள், தீப்பிடிக்கும். காஸ்டிக் லைனுக்கு என் சொந்தக் கைவேலை ஒன்று உண்டு: மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காடாத் துணியை, இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சைச் சுற்றிக் கட்டிவிடுவது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் தண்ணீர் சிவக்கிறதே, அதே வேலைதான் இதுவும். ஃபிளாஞ்ச் உறை மேலேயே அமிலம், காரம் பட்டால் நிறம் மாறுகிற பட்டையைத் தைத்து விற்கிறார்கள், வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கட்டும். மஞ்சள் துணிக்கு வெயில் ஆகாது, சீக்கிரம் வெளுத்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் பட்டாலும் சிவக்கும். வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் தரை கழுவிய அக்கா தெளித்த தண்ணீரில் வரிசையாக எல்லாத் துணியும் சிவந்துபோய், ஃபிட்டர் பையன் மெயின் வால்வையே அடைத்துவிட்டான். "அண்ணே, உங்கள் மஞ்சள் துணி எங்களை ஓடவைத்துவிட்டது" என்று போன் செய்தான். ஓடினாயே, அது போதும் என்றேன்.

ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மட்டும் எனக்கு இன்னும் திருப்தியான விடை இல்லை. வெளிச்சம் பட்டால் அது கெட்டுப்போகும், ஆகையால் ஒளி புகாத தொட்டிதான் வைக்க வேண்டும். மட்டம் பார்க்க வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் வைக்கலாம் என்பார்கள். அந்தக் குழாயின் மூட்டுதான் முதலில் கசியும். கசிவைப் பார்க்க வைத்த சாதனமே கசிவதைவிட, தொட்டியைக் கறுப்பாக விட்டு, டிரேயையும் குப்பியையும் நம்புவது மேல் என்பது இப்போதைக்கு என் எண்ணம்.

சுற்றுச்சுவர், ஆலைக்காரர்கள் சொல்கிற டைக், பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. உள்ளே இருக்கும் மிகப்பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை எண்ணூரில் நின்று பார்த்துப் போட்டதல்ல. வடகிழக்குப் பருவமழையில் திறந்த டைக் குளமாகிவிடும். குளத்துக்குள் ஒரு கசிவு நடந்தால் யாருக்குத் தெரியும்? தண்ணீரை வெளியேற்ற வடிகால் வால்வைத் திறப்பார்கள், மூட மறப்பார்கள். கந்தக அமிலத் தொட்டி என்றால் இன்னொரு வில்லங்கமும் சேரும். 98 சதவீத அமிலத்தைச் சாதா இரும்பு தாங்கும்; தண்ணீர் சேர்ந்து நீர்த்துப்போன அமிலம் அதே இரும்பைத் தின்றுவிடும். கசிந்தது தேங்கிய மழைநீரோடு கலந்து தொட்டியை வெளியிலிருந்து அரிக்க ஆரம்பிக்கும். ஆகவே டைக்குக்கு மேலே ஒரு ஷீட் கூரை போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். "ஆசிட் நனைந்தால் என்ன சார்?" என்று ஒருவர் சிரித்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் பரவியது. வலையிலும் படகிலும் அலையாத்தி மரங்களின் வேரிலும் வீட்டுச் சுவரிலும் கறுப்பு ஏறி நின்றது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியிலுள்ள அமோனியாக் குழாய் கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வெளியே ஓடினார்கள். ஒன்று மிதந்ததால் தெரிந்தது, மற்றது நாறியதால் தெரிந்தது. மிதக்காமலும் நாறாமலும் அந்த வெள்ளத்தில் வேறு என்னென்ன போயிருக்கும் என்று என் போன்ற தொழில் செய்கிறவனுக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு ஓட்டைப் பஞ்சாயத்து. இரும்புத் தொட்டியில் வெளிக்குழாய் சேரும் இடத்தைச் சுற்றி வலுவுக்காக ஒரு தகட்டை வெல்டு செய்வோம். அந்தத் தகட்டில் கால் அங்குலத்தில் ஒரு துளை போடுவது முறை. முதலில் அதன் வழியே காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி வெல்டிங்கைச் சோதிப்போம். பிறகும் அதை அப்படியே விட்டு வைப்பதற்குக் காரணம், உள்வெல்டு விட்டால் முதல் சொட்டு அந்தத் துளையில் எட்டிப் பார்க்கும். பெயிண்டர் வருவார், துளையைப் பார்ப்பார், பட்டி வைத்து அடைத்து மழமழவென்று பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். வாங்குகிறவருக்கும் அதுதான் பிடிக்கும். அதனால் இப்போது விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: துளையை அடைத்தால் உத்தரவாதம் கிடையாது. போன மாதம் ஒருவர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தொட்டி பட்டறை வாசலில்தான் நிற்கிறது, 3000 லிட்டர், அடர் கந்தக அமிலத்துக்கு. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். பெயிண்டரை அழைத்து வர வேண்டாம்.