மூன்றாவது கட்டத்தில் இருந்த பதில்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கும் அந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எச்சரித்தார்கள்: "சாப்பாட்டு நேரத்துல அந்தப் பையன் பக்கத்துல நிக்காதீங்க சார், தட்டு பறக்கும்." பையன் என்றார்களே தவிர, அவருக்கு வயது 28. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர். பேச்சு வராது.

தினசரி ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே பெரும்பாலும் 'அடம்', 'வயலன்ட்' என்றுதான் இருக்கும். தட்டை எறிந்தால் இரண்டு பேர் கையைப் பிடித்துச் சுவரோரம் உட்கார வைப்போம். நானும் பிடித்திருக்கிறேன். ஒருநாள் அவர் கைக்கு எண்ணெய் தடவும்போது மணிக்கட்டில் சிவப்பாக விரல் தடம் தெரிந்தது. என் விரல்கள்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அனுபவமுள்ள ஒரு சிறப்பாசிரியர் ஒரு நோட்டைக் கொடுத்து, பக்கத்துக்கு மூன்று கட்டம் போடச் சொன்னார். முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம். 'அடம் பிடித்தார்' என்று எழுதக் கூடாது. 'தட்டை வலது கையால் தள்ளினார்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

இரண்டு வாரம் எழுதினோம். நான் முதல் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். சத்தமா, பக்கத்தில் உட்கார்ந்தவரா, தூக்கம் போதவில்லையா? ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம்தான் மூன்றாவது கட்டம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே வரி: 'வேறு தட்டில் சோறு வைத்தோம். சாப்பிட்டார்.'

அப்படியென்றால் பசி இருக்கிறது, சோறும் பிடிக்கிறது. முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் என்ன வித்தியாசம்? நாற்பது பேருக்குச் சீக்கிரம் பரிமாற வேண்டுமென்று சமையலறை அக்காக்கள் சாம்பார் சாதத்தைப் பெரிய தாம்பாளத்தில் பிசைந்தே கொண்டுவருவார்கள். இரண்டாவது தட்டு அவசரத்தில் வைப்பது. சோறு ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம், பிசையாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவதால் யாருக்குமே பிசைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தட்டும் பறக்கவில்லை.

அவருடைய அம்மாவுக்குப் போன் செய்தேன். "பிசைஞ்சு வெச்சா தொடமாட்டானே தம்பி. சின்ன வயசுல இருந்தே தன் கையாலதான் பிசைவான். சேர்க்கும்போது யாரும் கேக்கலையே." சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வருமானச் சான்றிதழுக்கு இடம் இருந்தது. அவருக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

மறுநாளிலிருந்து பிசையாமல் வைத்தோம். கூடவே, உள்ளங்கை வரைந்த அட்டை ஒன்றை நீட்டி 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கினோம். புது யோசனை இல்லை இது. உளவியலாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் வெளியிட்ட ஆய்விலேயே, உதவியையோ கவனத்தையோ வார்த்தையால் கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர்களுடைய சிக்கலான நடத்தை குறைந்தது. ஒரே நிபந்தனை, அட்டையை நீட்டினால் அந்த நொடியே பலன் கிடைக்க வேண்டும். தாமதித்தால் தட்டை எறிவதுதான் வேகமான வழி என்று அவருக்குத் தெரியும். புதிதாக வந்த ஒருவர் மறந்துபோய்ப் பிசைந்த சாதத்தை வைத்தபோது, அவர் அட்டையை என் பக்கம் தள்ளினார். தட்டை எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

எல்லாம் இப்படி நன்றாக முடியவில்லை. சில மாதம் கழித்து அவர் தன் கையையே கடிக்க ஆரம்பித்தார். நோட்டை நம்பி ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தோம். காதில் சீழ். வலியைச் சொல்ல முடியாதவருக்குக் காது, பல், மலச்சிக்கல் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

"கட்டிப் போடாம எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. எங்கள் இல்லத்தில் இருப்பவர்களின் நிலை வேறு, ஆனால் கேட்பவர் மனதில் இருப்பது அதே சங்கிலிதான். சாலைக்கு ஓடினால் நானும் கையைப் பிடிப்பேன். அன்று மாலையே ஏன் ஓடினார் என்று உட்கார்ந்து பேசுவோம்.

அவர் சோற்றின் நடுவே குழி பறித்து, சாம்பாரை ஊற்றி, ஓரத்திலிருந்து மெதுவாகப் பிசைவார். சாப்பிட்டு முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். பாத்திரம் கழுவும் அக்கா இப்போது அவர் தட்டைக் கடைசியில்தான் எடுக்கிறார்.