பகான் பெருமாளுக்குப் பாக்கி வைத்த விளக்கு

எங்கள் வீட்டில் ஒரு வேண்டுதல் எட்டு வருஷமாகப் பாக்கி நின்றது. வைத்தவர் அம்மா. காரணம் அப்பா.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது அப்பா ஐராவதி முகத்துவாரத்துப் போகலே பக்கம் உளுந்து கொள்முதலுக்குப் போயிருந்தார். ரங்கூனில் எங்கள் வீட்டுத் தகரம் பறந்தது, தெரு மரங்கள் வேரோடு சாய்ந்தன, அதற்கே நாங்கள் நடுங்கிப் போனோம். ஐராவதி முகத்துவாரத்தில் ஊர் ஊராகக் கடல் வழித்துக்கொண்டு போன செய்தி மெல்ல மெல்லத்தான் வந்தது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,38,000 பேர் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்தார். திருப்பதிக்கு இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, பர்மாவின் பழைய தலைநகரான பகானில் இருக்கும் பெருமாளுக்காம்.

அந்தப் பெருமாளை அம்மாவுக்குச் சொல்லியிருந்தவர் கோவில் திண்ணையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணம், அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பகானில் இருந்த நானாதேசி விண்ணகராழ்வார் கோவிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அந்த மண்டபத்தில் ‘நின்றெரிகைக்கு’ ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார். நானாதேசிகள் என்றால் ஊர் ஊராகப் போன வணிகர் கூட்டம். கடல் தாண்டி வந்த இடத்தில் தங்களுக்கென்று ஒரு பெருமாளை வைத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் போன இடமெல்லாம் செய்ததுதானே.

“அங்க இப்ப பூஜையே கிடையாதாம். திருப்பதியில லட்சம் பேர் ஒரே நேரத்துல கேக்குறாங்க. இவர்கிட்ட யாருமே கேக்குறதில்லை. நம்ம குரல் தனியா காதுல விழும்” என்றார் அம்மா.

ஆறாம் நாள் அப்பா வந்தார். பாதி தூரம் படகில், பாதி தூரம் நடந்து. உடம்பெல்லாம் சேறு, ஒரு கால் செருப்பு மட்டும் மிச்சம். அந்த ஆறு நாளைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறந்ததில்லை. கேட்டால், “நீந்தினது நான், பேரு உங்க பெருமாளுக்கா?” என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அப்புறம் தங்கை கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன், கடை மாற்றம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. மஞ்சள் துணி மட்டும் சாமி அலமாரியில் அப்படியே இருந்தது. 2016 ஆகஸ்ட் 24-ஆம் தேதி நிலநடுக்கம் வந்து பகானில் 400 கோவில்கள் போல அடிபட்டன என்று செய்தி வந்தபோது அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “அவரும் விழுந்துட்டா நான் யாருக்குக் குடுப்பேன்?” அந்த மார்கழியிலேயே வைகுண்ட ஏகாதசிக்குப் போவதென்று முடிவாயிற்று.

ராத்திரி பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல! பத்து மணி நேரம். ஏற்கெனவே குளிர்காலம், அதில் ஏசியை ஐஸ் பெட்டி மாதிரி வைத்தார்கள். குறைக்கச் சொன்னால் கம்பளி ஒன்றை நீட்டினார்கள். அதில் யாரோ சாப்பிட்ட மீன் வாசனை. அம்மா ஏகாதசி விரதம், பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, விடிய விடியத் திருப்பாவையை உதடு அசையச் சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் தூக்குவாளி, அதில் வீட்டில் உருக்கிய நெய். அதை மேலே வைக்க விடவில்லை.

இருட்டோடு, பகானை ஒட்டிய ஞாவுங்-ஊவில் இறங்குவதற்கு முன்னால், சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஒருவர் டார்ச் அடித்து முகம் முகமாகப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்டார். தலைக்கு 25,000 கியாட். நானும் என் அப்பாவும் தாத்தாவும் பிறந்த மண்ணில் நாங்கள் வெளிநாட்டுக்காரர்! பதிவு அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா பர்மியப் பேச்சில் ஊர், தெரு, பள்ளிக்கூடம் என்று ஒப்பித்த பிறகுதான் விட்டார். மனசு கசந்துபோயிற்று. இன்றைக்கு வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்று அம்மா சொன்னதால் விழுங்கிக்கொண்டேன்.

குதிரை வண்டி பிடித்தோம். பழைய நகரத்தின் கோட்டைச் சுவர் செங்கல் செங்கலாக உதிர்ந்து கிடக்கிறது. வாசல்களில் மிஞ்சியது கிழக்கே உள்ள தாராபா வாசல் ஒன்றுதான். அதன் இரண்டு பக்கமும் மாடத்தில் மஹாகிரி நாட் என்ற பர்மியத் தெய்வங்கள், அண்ணனும் தங்கையும், காவலுக்கு இருக்கிறார்கள். வண்டிக்காரர் கடிவாளத்தை விட்டுக் கும்பிட்டார். அம்மாவும் இறங்கி ஒரு வாழைப்பழம் வைத்தார். “முனீஸ்வரனுக்குச் சொல்லாம ஊருக்குள்ள போகக்கூடாது.” சொர்க்கவாசல் வடக்கே அல்லவா இருக்க வேண்டும் என்றேன். “திறந்திருக்கிற வாசல்தான் சொர்க்கவாசல், பேசாம வா” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்கு அதிசயம்.

நேராகப் பெருமாளிடம் போயிருக்கலாம். வண்டிக்காரர் ஆனந்தாவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பௌர்ணமியை ஒட்டி அங்கே திருவிழா, ஊரெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கியிருந்தது. கியான்சித்தா மன்னன் 1105-இல் கட்டிய கோவில், நான்கு திசைக்கும் நின்ற கோலத்தில் நான்கு பெரிய புத்தர்கள், எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. தன்னையே விஷ்ணுவின் அவதாரம் என்று கல்வெட்டில் எழுதிக்கொண்ட ராஜா அவர். அரண்மனை கட்டும்போது பிராமணர்களைக் கொண்டு நாராயண பூஜை நடத்தியவர். ஆனால் அந்த நெரிசலில் நான் கண்டது முன்னால் போனவரின் முதுகை மட்டும்தான். வெளியே வந்தால் அப்பாவின் செருப்பைக் காணோம். இந்தத் தடவை இரண்டு காலும்.

சரி, அதை விடுங்கள்.

நாங்கள் தேடி வந்த பெருமாள் கோவிலான நத்லாவுங் சௌங் சிறியது. பக்கத்தில் தட்பின்யு என்ற புத்தர் கோவில் மலை மாதிரி நிற்கிறது, அதன் நிழலில் இது குந்தியிருக்கிறது. பகானில் மிஞ்சிய இத்தனை ஆயிரம் கோவில்களில் இந்துக் கோவிலாக நிற்பது இது ஒன்றுதான். நம்பி சொன்ன விண்ணகரம் இதுதான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துச் சொல்வதில்லை. கல்வெட்டு கிடைத்தது தெற்கே மியின்பகானில். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “பெருமாள் எத்தனை பேரு?” என்று கேட்டார். அதற்கு மேல் நான் என்ன பேச?

நத்லாவுங் என்றால் தெய்வங்களை அடைத்துவைத்த இடம் என்று அர்த்தமாம். அனோரதா மன்னன் புத்த மதத்துக்கு வந்த பிறகு பழைய தெய்வங்களையெல்லாம் இதற்குள் பூட்டிவிட்டான் என்பது கதை. ரங்கூனில் காளியம்மன் கோவிலுக்கு நாங்கள் போகிற சாலைக்கே அவன் பெயர்தான். “தினம் அவன் தெரு வழியாத்தான் போய்க் காளியைக் கும்பிட்டிருக்கேனா!” என்று அம்மா நின்றுவிட்டார். கோபமா சிரிப்பா தெரியவில்லை.

வெளிச்சுவர் மாடங்களில் தசாவதாரம் இருந்ததாம், இப்போது ஏழுதான் மிச்சம். அதுவும் கை இல்லாமல், முகம் இல்லாமல். உள்ளே நடுவில் சதுரமான பெரிய செங்கல் தூண், நான்கு பக்கமும் நின்ற கோலம். இடிந்த இடத்தைப் பூசி, பூசிய இடமும் மறுபடி உதிர்ந்து. கருடன் மேல் இருந்த பெருமாளை 1890-களில் ஒரு ஜெர்மானியர் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார் என்கிறார்கள். மாலை இல்லை, தீர்த்தம் இல்லை, சடாரி இல்லை. புறா எச்சம் இருந்தது.

நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அம்மா ஏமாறவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, பாதி சிதைந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஏகாதசியன்று, தள்ளு முள்ளு இல்லாமல், ‘நகரு நகரு’ சத்தம் இல்லாமல், பெருமாளுக்கு நேர் எதிரே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இந்த பாக்கியம் எந்தத் திவ்யதேசத்தில் கிடைக்கும்? அம்மா சத்தமாகப் பேச ஆரம்பித்தார். மந்திரம் இல்லை, சும்மா பேச்சு. “எட்டு வருஷம் ஆயிடுச்சு, தப்புதான். இதோ கூட்டிட்டு வந்திருக்கேன், நீயே பாரு, முட்டி மட்டும்தான் வலி” என்று அப்பாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். நீந்தினது நான் என்று அப்பா இப்போது சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. நான் சுவரிலிருந்த அவதாரங்களைப் பார்க்கப் போகிறவன் மாதிரி வெளியே போய்விட்டேன்.

நெய்த் தூக்குவாளியைத் திறந்ததும் காவலுக்கு இருந்த பர்மிய அம்மாள் ஓடிவந்தார். கன்னம் நிறைய தனகா, பர்மியர் பூசும் மரப்பட்டைச் சாந்து. உள்ளே நெருப்பு கூடாது, புகை பட்டால் சுவர் கெட்டுப்போகும் என்றார். நியாயம்தான். அம்மா வாதாடவில்லை. அகலை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி படியிலேயே உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்தோ என்னவோ, அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கழித்துத் தானே வந்தார். வெளியே கிழக்கே, முன்பு முன்மண்டபம் இருந்து இடிந்துபோன தரையில் வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பி வைத்த விளக்கும் மண்டபத்துக்குத்தானே!

காற்று விடவில்லை. மூன்று தடவை ஏற்றினோம், மூன்று தடவையும் அணைந்தது. காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே “அண்ணே, மணல் ஓவியம், அசல் மணல் ஓவியம், கை வேலை” என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், என்ன நினைத்தானோ, தன் துணி ஓவியங்களை எல்லாம் விரித்துக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு குந்தினான். நாலாவது தடவை அப்பா நெய் ஊற்றினார், அம்மா திரியைத் தூண்டினார், விளக்கு நின்று எரிந்தது. (அந்தப் பையன் அப்புறம் யானை ஓவியம் ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டுத்தான் போனான். சுவரில் மாட்டிய அதிலிருந்து மணல் இன்றும் உதிர்கிறது. போகட்டும்.)

நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்த கல்வெட்டு வரிகளை உரக்க வாசித்தேன். ஊர், பேர், மண்டபம், கதவு, விளக்கு, கடைசியில் ‘இத்தன்மம் மலைமண்டலத்தான்’. அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

“இவ்வளவு செஞ்சாரே, என்ன வேணும்னு கேட்டாராம்?”

கல்வெட்டின் தொடக்கத்தில் முகுந்தமாலையிலிருந்து ஒரு சுலோகம் இருக்கிறது, குலசேகராழ்வார் பாடியது. தர்மத்தில் ஆசை இல்லை, பொருளில் இல்லை, போகத்தில் இல்லை, வினைப்படி வருவது வரட்டும், எத்தனை பிறவி எடுத்தாலும் உன் பாதத்தில் பக்தி மட்டும் மாறாமல் இருக்கட்டும். அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்.

“ஒண்ணுமே கேக்கலையா?” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தார். அதிலிருந்த பழைய கியாட் நோட்டுகளைப் போட உண்டியலும் இல்லை. காவல்கார அம்மாள் கையில் கொடுத்து, விளக்கு அணையும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் காசை வாங்க மாட்டேன் என்று சொல்லி, கடைசியில் ஆனந்தாவில் சோறு தானம் செய்வதாக வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லையும் பார்த்தோம். நான் நினைத்ததைவிடச் சின்னது. அம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, “இது டகரம், இது பகரம்” என்று இரண்டு எழுத்தைக் கண்டுபிடித்தார். அதற்குள் மூடும் நேரம் என்று விரட்டிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே குளிர். அப்பா வழியில் வாங்கிய ரப்பர் செருப்போடு தூங்கிவிட்டார். காலி தூக்குவாளி அம்மா மடியில்.

“அடுத்த மார்கழிக்கு நெய் கொஞ்சம் கூட எடுத்துக்கணும்” என்றார்.

“வேண்டுதல்தான் முடிஞ்சிடுச்சேம்மா. மறுபடி என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“ஒண்ணும் இல்லடா” என்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.